எக்ஸ்பி எதற்கு, எவ்வளவு, யாருக்கு? ஆட்டம் நடத்துபவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கோத்தகிரி, குன்னூர், அரவங்காடு பக்கத்தில் ஞாயிறுதோறும் கூடி, டைஸ் உருட்டிக் கதை விளையாடும் கூட்டம் எங்களுடையது. இப்போது ஆட்டத்தை நடத்தவும் புது ஆட்கள் முன்வருகிறார்கள். சண்டை விதி, மந்திர விதி எல்லாம் புத்தகத்தைப் பார்த்தே புரிந்துகொள்கிறார்கள். எக்ஸ்பி என்று வந்தால்தான் போன் வருகிறது. அந்தக் கேள்விகளும் என் பதில்களும் இவை. எல்லாப் பதிலையும் எல்லோரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள், எங்கள் மேசையிலேயே ஒத்துக்கொள்ளாதவர்கள் உண்டு.

இதுவரை விளையாடியதே இல்லை. எக்ஸ்பி என்றால் என்ன?

ஒருவர் கதையை நடத்துவார். அவரை டிஎம் என்றோ ஜிஎம் என்றோ சொல்வோம். மற்றவர்கள் ஆளுக்கொரு கேரக்டரை எடுத்துக்கொண்டு, "நான் கதவைத் தட்டுகிறேன்", "நான் பின்பக்கமாகப் போய்ப் பார்க்கிறேன்" என்று சொல்லி விளையாடுவார்கள். நடக்குமா நடக்காதா என்று தெரியாத இடத்தில் டைஸ் உருளும். கேரக்டர் செய்தவற்றுக்குக் கிடைக்கும் அனுபவப் புள்ளிதான் எக்ஸ்பி. குறிப்பிட்ட அளவு சேர்ந்ததும் லெவல் ஏறும். அடி தாங்கும் சக்தி கூடும், புதுத் திறமைகள் வரும். 1974-இல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் எழுதி வெளிவந்த டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் (சுருக்கமாக டி அண்ட் டி) இதைப் பரப்பியது. கம்ப்யூட்டரிலும் போனிலும் நீங்கள் பார்க்கும் எக்ஸ்பி, லெவல் எல்லாம் அங்கிருந்து போனவைதான்.

எதற்கெல்லாம் புள்ளி கொடுக்க வேண்டும்?

நீங்கள் எதற்குக் கொடுக்கிறீர்களோ அதைத்தான் உங்கள் ஆட்கள் செய்வார்கள். அதனால் கேள்வியைத் திருப்பிப் போடுங்கள்: மேசையில் என்ன நடக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறீர்கள்?

தோட்டத்தில் இலை பறிக்கிறவர்களுக்குக் கிலோ கணக்கில் மட்டும் கூலி கொடுத்தால் பையில் முற்றிய இலையும் சேர்ந்து வரும். பேக்டரிக்கு வேண்டியது இரண்டு இலையும் ஒரு மொட்டும். ஆனால் தராசுக்கு அந்த வித்தியாசம் தெரியாது. பறிக்கிறவர் மேல் தப்பில்லை, எடைக்குக் காசு என்றால் எடைதான் வரும். எக்ஸ்பியும் இதே கணக்குதான்.

முதல் டி அண்ட் டியில் ஒரு பொற்காசு வெளியே கொண்டுவந்தால் ஒரு புள்ளி. அரக்கனைக் கொன்றதற்கு, அதன் பலத்தில் ஒவ்வொரு படிக்கும் 100 புள்ளி என்று 1974 புத்தகத்தில் இருந்தது. அடுத்த வருடமே வந்த கிரேஹாக் என்ற துணைப் புத்தகத்தில் அதை நன்றாக வெட்டிக் குறைத்துவிட்டார்கள். விளைவு என்ன? புள்ளியில் பெரும்பங்கு தங்கத்திலிருந்துதான் வரும். சண்டையில் ஆபத்து பெரிது, வருமானம் சிறிது. ஆகவே அந்தக் காலத்து ஆட்டக்காரர்கள் ஒளிந்து போனார்கள், லஞ்சம் கொடுத்தார்கள், அரக்கன் தூங்கும் நேரம் பார்த்துப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். பேராசைக்கு ஏற்ற விதி என்று இதைக் கிண்டல் செய்பவர்கள் உண்டு. எனக்கு இது மிகவும் புத்திசாலித்தனமான விதி.

1989-இல் வந்த இரண்டாம் பதிப்பில் தங்கத்துக்குப் புள்ளி என்பது விருப்பமிருந்தால் எடுத்துக்கொள்ளும் விதியாகச் சுருங்கியது. 2000-இல் மூன்றாம் பதிப்பு வந்தபோது எதிரியை வெல்வதுதான் முக்கிய வருமானம். ஆட்டமும் அதற்கேற்ப மாறிப்போய், சண்டைக்கு மேல் சண்டை என்று ஆனது. ஆட்டக்காரர்களின் குணமா மாறியது? கணக்குதான் மாறியது.

கொன்றால்தான் புள்ளியா? எங்கள் ஆட்கள் எதைப் பார்த்தாலும் வாளை உருவுகிறார்கள்.

இல்லவே இல்லை. டி அண்ட் டியின் ஐந்தாம் பதிப்பு (2014) விதிப் புத்தகமே எதிரியைக் கொன்றாலும், விரட்டினாலும், பிடித்துக் கட்டினாலும் தோற்கடித்த கணக்குதான் என்கிறது. பேச்சு வார்த்தையில் சமாளித்தாலும் முழுப் புள்ளி கொடுங்கள்.

நம் ஊரில் சாயங்காலம் ரோட்டில் காட்டெருமை நின்றால் என்ன செய்கிறோம்? வண்டியை நிறுத்தி, விளக்கைத் தணித்து, அது தேயிலைக்குள் இறங்கும்வரை காத்திருக்கிறோம். கரடி கடைக் கதவை உடைத்து எண்ணெயும் சர்க்கரையும் தின்றுவிட்டுப் போனால் மறுநாள் கதவைப் பலப்படுத்துகிறோம். இந்த மலையில் பிறந்து வளர்ந்தவன், மேசையில் உட்கார்ந்ததும் எதிரே வரும் கரடியை வெட்டுகிறேன் என்கிறான் என்றால், வெட்டினால்தான் புள்ளி என்று யாரோ பழக்கியிருக்கிறார்கள்.

ஒரே ஒரு செஷன் செய்து பாருங்கள். "இன்று ஆபத்தைத் தாண்டினால் புள்ளி, எப்படித் தாண்டினாலும் அதே புள்ளி" என்று முதலிலேயே அறிவித்துவிடுங்கள். முதல் அரை மணி நேரம் நம்ப மாட்டார்கள். அப்புறம் யாராவது ஒருவர் "அந்தக் காவல்காரனுக்குப் பசிக்குமா?" என்று கேட்பார். அங்கிருந்து ஆட்டம் வேறு திசையில் போகும்.

ஐந்தாம் பதிப்பில் கணக்கை எப்படிப் போடுவது? ஒவ்வொரு முறையும் தொகை தப்பாக வருகிறது.

அநேகமாக ஒரே இடத்தில்தான் தப்பு வரும். ஐந்து பேர், ஓகர் என்ற ஒரு அரக்கனையும் ஆறு ஓநாய்களையும் சமாளித்தார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஓகருக்கு 450. ஓநாய்க்குத் தலா 50, ஆறுக்கு 300. மொத்தம் 750. ஐந்தால் வகுத்தால் ஆளுக்கு 150. அவ்வளவுதான்.

ஆனால் 2014 புத்தகத்தில், சண்டை எவ்வளவு கடினம் என்று மதிப்பிடும்போது எதிரிகளின் எண்ணிக்கைக்கு ஏற்ப அந்தத் தொகையைப் பெருக்கச் சொல்வார்கள். ஏழு எதிரி என்றால் இரண்டரை மடங்கு, அதாவது 1875. பலர் இந்த 1875-ஐ ஐந்தாக வகுத்து ஆளுக்கு 375 கொடுத்துவிடுகிறார்கள். இரண்டாம் லெவலுக்கு 300 போதும் என்பதால் ஒரே சண்டையில் எல்லோருக்கும் லெவல் ஏறிவிடுகிறது. பெருக்கிய தொகை சண்டையை எடை போட மட்டும். கொடுப்பது பெருக்காத தொகை. 2024-இல் வந்த புதிய பதிப்பில் இந்தப் பெருக்கலையே எடுத்துவிட்டார்கள், நல்ல காரியம்.

பாத்ஃபைண்டர் என்ற வேறு ஆட்டத்தின் இரண்டாம் பதிப்பை விளையாடுகிறவர்களுக்கு இந்தத் தலைவலி குறைவு. எந்த லெவலாக இருந்தாலும் அடுத்ததற்கு 1000 புள்ளி. குழுவின் லெவலுக்குச் சமமான எதிரிக்கு 40. அதை வகுக்கக்கூட வேண்டாம், ஒவ்வொருவருக்கும் 40. சண்டை இல்லாத சாதனைகளுக்குச் சிறியது 10, நடுத்தரம் 30, பெரியது 80 என்று தனியாக வைத்திருக்கிறார்கள். மனக்கணக்கில் முடிந்துவிடும்.

மழையில் ரோடு அடைத்து ஒருவர் வர முடியவில்லை. அவருக்குப் புள்ளி உண்டா?

இந்தப் பக்கத்தை எழுத வைத்ததே இந்தக் கேள்விதான் என்று சொல்லலாம்.

சமவெளியில் விளையாடும் கூட்டங்களுக்கு இது எப்போதாவது வரும் பிரச்சினை. நமக்கு அக்டோபரில் ஆரம்பித்து டிசம்பர் வரை வாராவாரம். குன்னூர் மேட்டுப்பாளையம் ரோட்டில் பர்லியாறு பக்கம் மண் சரியும், மரம் விழும், மலை ரயிலை நிறுத்துவார்கள். கோயம்புத்தூரில் வேலை பார்த்துவிட்டு வாரக் கடைசியில் மேலே வருகிறவர்கள் கோத்தகிரி ரோட்டில் சுற்றிக்கொண்டு வர வேண்டும், அதுவும் திறந்திருந்தால். ஏப்ரல், மே வந்தால் நிலைமை தலைகீழ். கீழே இருப்பவர்கள் வரத் தயாராக இருப்பார்கள். மேலே காட்டேஜ் வைத்திருப்பவர், டாக்சி ஓட்டுபவர், கடையில் நிற்பவர் யாருக்கும் சீசனில் ஞாயிற்றுக்கிழமை என்று ஒன்று கிடையாது.

ஐந்தாம் பதிப்புப் புத்தகம் சொல்வது இது: சாதாரணமாகப் பங்கெடுத்தவர்களுக்கு மட்டும் புள்ளி, வராதவருக்கும் கொடுப்பது நடத்துபவரின் விருப்பம். என் பதில்: முழுசாகக் கொடுங்கள். பாதிகூட வேண்டாம், முழுசாக.

"வந்தவனுக்கும் வராதவனுக்கும் ஒரே கூலியா?" என்று ஒரு தம்பி கேட்டான். வந்தவனுக்கு ஆட்டம் கிடைத்ததே! மூன்று மணி நேரம் சிரித்து, டீ குடித்து, வர்க்கியை நொறுக்கிவிட்டு, அதற்குமேல் புள்ளியிலும் வராதவனை முந்த வேண்டுமா? வராமல் போனவர் ஏற்கெனவே ஒன்றை இழந்துவிட்டார். புள்ளியையும் பிடித்துக்கொண்டால், மழை நின்று வரும்போது அவர் கேரக்டர் இரண்டு லெவல் கீழே இருக்கும். அடுத்த சண்டையில் முதலில் விழுவது அதுதான். விழுந்தபின் யார் திரும்பி வருவார்கள்?

வந்தவர்களுக்கு ஏதாவது கூடுதலாகக் கொடுத்தே ஆக வேண்டும் என்று தோன்றினால் கதைக்குள்ளே கொடுங்கள். அன்று கிடைத்த மந்திர வாள் அன்று இருந்தவர்களுக்கு. ஊர்த்தலைவர் பெயர் சொல்லி நன்றி சொன்னது அவர்களுக்கு. அதில் யாரும் குறை சொல்ல மாட்டார்கள்.

சொல்லாமல் கொள்ளாமல் காணாமல் போகிறவர்? அது வேறு விஷயம். அவருக்கு வேண்டியது ஒரு போன் கால். எக்ஸ்பியை வைத்து ஆளைத் திருத்த முடியாது.

நன்றாக நடித்தவருக்குத் தனியாகப் புள்ளி கொடுக்கலாமா?

கொடுக்காதீர்கள் என்பேன். பேச்சுத் திறமை உள்ளவர் வாராவாரம் வாங்கிக்கொண்டு போவார். கூச்ச சுபாவம் உள்ளவர், கேரக்டருக்கு ஏற்பக் குரல் மாற்றத் தெரியாதவர், எல்லாவற்றையும் கவனித்துவிட்டுக் கடைசியில் ஒரே வார்த்தையில் புதிரை அவிழ்ப்பவர், இவர்களுக்கு ஒன்றும் வராது. அதோடு, மார்க் போடும் வாத்தியாராக நீங்கள் மாறிவிடுவீர்கள். எங்கள் மேசையில் நிஜமான வாத்தியார் ஒருவர் இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமையிலாவது மார்க்கைக் கண்ணில் காட்டாதே என்பது அவர் கோரிக்கை.

தனிப் பாராட்டு வேண்டும் என்றால் அதை ஆட்டக்காரர்கள் கையில் விடுங்கள். நியூமனெரா என்ற ஆட்டத்தில் ஒரு அழகான ஏற்பாடு இருக்கிறது. நடத்துபவர் ஒருவர் வாழ்க்கையில் திடீர்ச் சிக்கலை நுழைக்கும்போது அவருக்கு 2 எக்ஸ்பி நீட்டுவார். ஒன்றை அவர் வைத்துக்கொள்ளலாம், மற்றதை வேறொருவருக்குக் கொடுத்தாக வேண்டும், ஏன் என்றும் சொல்ல வேண்டும். அந்த 'ஏன்' கேட்க நன்றாக இருக்கும். நடத்துபவர் கவனிக்காத விஷயங்கள் அதில்தான் வெளியே வரும்.

புள்ளியே வேண்டாம், கதை ஒரு கட்டம் தாண்டியதும் லெவல் ஏற்றிவிட்டால் போதாதா?

போதும். நிறையப் பேர் இன்று அப்படித்தான் விளையாடுகிறார்கள். மைல்ஸ்டோன் முறை என்கிறார்கள். கணக்கு இல்லை, சண்டை தேட வேண்டிய அவசியம் இல்லை, எல்லோரும் ஒரே லெவல். அச்சில் வரும் நீண்ட சாகசத்தை அத்தியாயம் அத்தியாயமாக நடத்துகிறீர்கள் என்றால் இதுதான் சரி. பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு லீவில் நடத்தும்போது நானும் இதைத்தான் செய்கிறேன். செஷன் கணக்கில் ஏற்றும் முறையும் ஐந்தாம் பதிப்புப் புத்தகத்திலேயே இருக்கிறது: முதல் செஷன் முடிந்ததும் 2-ஆம் லெவல், அடுத்தது முடிந்ததும் 3, இன்னும் இரண்டு செஷனில் 4, அதற்குமேல் இரண்டு மூன்று செஷனுக்கு ஒன்று.

பெரியவர்களின் திறந்தவெளி ஆட்டத்தில் மட்டும் எனக்கு இது ஒத்துவரவில்லை. எங்கே போவது, எதைத் தேடுவது என்று ஆட்டக்காரர்களே முடிவு செய்யும் ஆட்டத்தில் 'கட்டம்' எங்கே இருக்கிறது? நடத்துபவர் மனதில். அப்போது அவர்கள் உங்கள் முகத்தைப் பார்த்துக் கதையை ஊகிக்க ஆரம்பிப்பார்கள். புள்ளிப் பட்டியல் வெளிப்படையாக இருந்தால் மேசையைப் பார்த்து விளையாடுவார்கள்.

நடுவில் புதிதாகச் சேருபவர் எந்த லெவலில் ஆரம்பிக்க வேண்டும்?

எளிய பதில்: மற்றவர்கள் இருக்கும் லெவலிலேயே. ஆனால் ஒன்றிலிருந்து ஆரம்பித்தாலும் நினைக்கிற அளவுக்கு மோசமில்லை. ஐந்தாம் பதிப்பில் 2-ஆம் லெவலுக்கு 300 புள்ளி, 3-க்கு 900, 4-க்கு 2700, 5-க்கு 6500, 6-க்கு 14,000. மற்றவர்கள் 5-லிருந்து 6-க்குப் போக 7500 சேர்க்க வேண்டும். அதே 7500-ஐ முதல் லெவல் ஆள் சேர்த்தால் அவர் ஏற்கெனவே 5-இல் நிற்பார். பழைய பதிப்புகளில் வீரனுக்கு 2000, 4000, 8000, 16,000 என்று இரட்டிப்பாகப் போகும். அங்கேயும் இதே கதைதான், பின்னால் வந்தவர் ஒரு லெவல் பின்னால் வந்து ஒட்டிக்கொள்வார். சிக்கல் ஒன்றே ஒன்று. அதுவரை அவர் உயிரோடு இருக்க வேண்டும்.

பழைய ஆட்டத்தில் ஆளுக்கு ஆள் அளவே வேறு என்பதும் ஒரு சுவாரசியம். 1974 பட்டியலில் இரண்டாம் லெவலுக்குப் பூசாரி வகைக்கு 1500, வீரனுக்கு 2000, மந்திரவாதிக்கு 2500. பின்னால் பலசாலி ஆகப்போகிறவன் முன்னால் மெதுவாக ஏறட்டும் என்ற கணக்கு.

கேரக்டர் செத்துப்போனால் சேர்த்த புள்ளி?

புதுக் கேரக்டருக்கு அப்படியே போகட்டும். சாவே போதுமான தண்டனை.

தண்டனையாகப் புள்ளியைக் குறைக்கலாமா?

வேண்டாம். மூன்றாம் பதிப்பில் மந்திரப் பொருள் செய்யச் சொந்தப் புள்ளியைச் செலவழிக்க வேண்டியிருந்தது. அது தண்டனையில்லை, அவர்களாகத் தெரிந்து செய்வது. அதைக்கூட நிறையப் பேர் வெறுத்தார்கள்.

தோற்றதற்குப் புள்ளி கொடுக்கும் ஆட்டங்கள் இருக்கிறதாமே?

இருக்கிறது. டன்ஜன் வேர்ல்டில் இரண்டு டைஸை உருட்டிக் கூட்டல் கழித்தல் போக 6 அல்லது அதற்குக் கீழே வந்தால் காரியம் கெட்டது, ஆனால் ஒரு எக்ஸ்பி உண்டு. செஷன் முடிவில் மேசையே சேர்ந்து சில கேள்விகளுக்குப் பதில் சொல்லும்: உலகத்தைப் பற்றி முக்கியமாகப் புதிதாக ஏதாவது தெரிந்துகொண்டோமா, குறிப்பிடத்தக்க எதிரியைத் தாண்டினோமா, மறக்க முடியாத புதையல் கிடைத்ததா? ஒவ்வொரு 'ஆமாம்'-க்கும் எல்லோருக்கும் ஒன்று. இப்போதிருக்கும் லெவலோடு 7-ஐக் கூட்டினால் வரும் எண்தான் அடுத்த லெவலுக்கான விலை. ப்ளேட்ஸ் இன் த டார்க்கில் மிக ஆபத்தான நிலையில் துணிந்து உருட்டினாலே புள்ளி. அதனால் அங்கே யாரும் பத்திரமான வழியைத் தேடுவதில்லை.

கால் ஆஃப் கதுலுவில் எக்ஸ்பியும் இல்லை, லெவலும் இல்லை. ஒரு திறமையை ஆட்டத்தில் வெற்றிகரமாகப் பயன்படுத்தினால் அதன் பக்கத்தில் ஒரு டிக். சாகசம் முடிந்ததும் 1 முதல் 100 வரை எண் வரும்படி டைஸை உருட்டி, உங்கள் திறமை அளவைவிட அதிகமாக வந்தால்தான் அது கூடும். தெரிந்தவனுக்கு மேலும் கற்பது கஷ்டம், தெரியாதவனுக்குச் சுலபம். இத்தனை சின்ன விதியில் இத்தனை உண்மை அடங்கியிருப்பது எனக்கு இன்றும் ஆச்சரியம். 1977-இல் வந்த டிராவலரிலோ கேரக்டர் வளர்வதே அரிது. அந்த விண்வெளியில் சேர்வது பணமும் கடனும்தான்.

புத்தக விதியை நம் இஷ்டத்துக்கு மாற்றலாமா?

தாராளமாக. 1875 வாக்கில் ஜபல்பூரில் ராணுவ அதிகாரிகள் பில்லியர்ட்ஸ் மேசையில் வண்ணப் பந்துகளைச் சேர்த்து விளையாடியதிலிருந்துதான் ஸ்நூக்கர் வந்தது. அதன் விதிகள் ஊட்டி கிளப்பில்தான் எழுத்தில் உறுதியாயின. ஆட்ட விதியை மாற்றுவதற்கு இந்த மலையில் முன்னுதாரணம் இருக்கிறது. ஒரே நிபந்தனை: மாற்றுவதை ஆட்டத்துக்கு முன்னால் சொல்லுங்கள்.

நம் மலையை வைத்தே ஆட்டம் நடத்துகிறேன். புள்ளிப் பட்டியல் எப்படி வைக்கலாம்?

நாங்கள் வைத்திருப்பதைச் சொல்கிறேன், பிடித்ததை எடுத்துக்கொள்ளுங்கள். எங்கள் ஆட்டம் நடப்பது கற்பனை மலையில். ஆனால் அடித்தளம் பழைய நீலகிரியின் பண்டமாற்று. தோடர்களிடமிருந்து நெய், கோத்தர்களிடமிருந்து இரும்புக் கருவியும் மண்பாண்டமும் இசையும், படுகர்களிடமிருந்து தானியம், குறும்பர்களிடமிருந்து தேனும் காட்டுப் பொருளும் என்று ஒருவரை ஒருவர் நம்பி வாழ்ந்த ஏற்பாடு அது. அப்படிப்பட்ட மலையில் பாதை தெரிந்தவனுக்கும் பேச்சுக் காப்பாற்றுகிறவனுக்கும்தான் மதிப்பு.

அதனால் ஒரு லெவலுக்கு 10 புள்ளி என்று சின்ன எண்ணாக வைத்தோம். இதுவரை போகாத இடத்தைக் கண்டு வரைபடத்தில் குறித்தால் 1. ஒரு பொருளைத் தேவைப்படும் ஊருக்குக் கெடாமல் கொண்டு சேர்த்தால் 2. இரண்டு தரப்புக்கு நடுவில் இருந்த சண்டையைத் தீர்த்தால் 2. கொடுத்த வாக்கை நஷ்டப்பட்டுக் காப்பாற்றினால் 2. ஆபத்தை எந்த வழியில் தாண்டினாலும் 1. எல்லாம் குழுவுக்குத்தான், தனி ஆளுக்கு எதுவும் இல்லை. சாதாரண ஞாயிறு ஒன்றில் நாலைந்து புள்ளி தேறும். இரண்டு மூன்று வாரத்துக்கு ஒரு லெவல் என்பது எங்களுக்குச் சரியாக இருக்கிறது.

பட்டியலில் கொலைக்கு வரியே இல்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். யாரும் தடை செய்யவில்லை. இருந்தும் சண்டை எங்கள் ஆட்டத்தில் அபூர்வம், வந்தால் எல்லோரும் நிமிர்ந்து உட்காருகிறார்கள்.

ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். இங்கே வாழும் மக்களின் பெயரையும் சடங்கையும் அப்படியே தூக்கி வந்து பூதக் கதையாக்காதீர்கள். குறிப்பாகக் குறும்பர் என்றால் சூனியக்காரர் என்ற பழைய வசைக் கதையை ஆட்டத்துக்குள் விடாதீர்கள். பெயரை மாற்றிக் கற்பனை மலை என்று வைத்துக்கொண்டால் கையும் கட்டப்படாது, மேசையில் இருக்கும் நண்பர் மனமும் நோகாது.

பசங்க புள்ளிக்காக ஊர்க் கோழிகளை எல்லாம் வெட்டுகிறார்கள்!

கோழிக்குப் பூஜ்யம். கோழிக்காரம்மாவைக் கதையில் கொண்டு வாருங்கள், மீதியை அவர் பார்த்துக்கொள்வார்.

புள்ளியை எப்போது அறிவிப்பது, யார் எழுதி வைப்பது?

நடுவில் அறிவித்தால் கதை அறுந்துபோகும். அடுத்த வாரம் போனில் சொல்கிறேன் என்றால் அந்த உற்சாகம் போய்விடும். செஷன் முடிந்து, டைஸை எடுத்து வைக்கும் முன், பட்டியலைச் சத்தமாகப் படித்து எல்லோரையும் கேளுங்கள்: "இன்று இது நடந்ததா?" வாக்குவாதம் வரும், வரட்டும். கணக்கு நோட்டை ஆட்டக்காரர்களில் ஒருவரிடம் கொடுங்கள்; நடத்துபவருக்கு வேறு வேலை இருக்கிறது. எங்கள் மேசையில் அந்தப் பொறுப்பு கடைசி பஸ்ஸில் போகும் அக்காவுக்கு. ஏழு மணிக்குக் கிளம்பியாக வேண்டும் என்பதால் வாக்குவாதம் தானாகவே பத்து நிமிடத்தில் முடிந்துவிடுகிறது.